மூன்றாவது பீங்கான்

“நாம ரெண்டு பேர்தானே ராத்தா? எதுக்கு மூணாவது பீங்கான்?” என்று சோற்றுத் தட்டுகளைப் பார்த்துக் கேட்டாள் விஞ்ஞான ஆசிரியை நசீமா.

“அவர் போய் ரெண்டு வருசம் முடிஞ்சிட்டு,” என்றாள் அக்கா ஸுலைஹா. “இருபத்திநாலு பிறை எண்ணிட்டன்.”

“பிறைய எண்ணினாச் சரியா? பூமி சூரியன ரெண்டு தரம் சுத்த எழுநூற்று முப்பது நாள் செல்லும். இன்னும் இருபத்திரண்டு நாள் கிடக்கு!”

பொரித்த மீனின் நடுத்துண்டை மூன்றாவது பீங்கானில் வைத்தாள் ஸுலைஹா.

வாசலில் வான் வண்டி ஒன்று வந்து நின்றது. பெட்டியோடு இறங்கினான் ஸுலைஹாவின் கணவன் றிபாய்.

“மச்சான்! ரெண்டு வருச ஒப்பந்தமெண்டுதானே போனீங்க?” நசீமா திகைத்தாள்.

“ஓம் மச்சி. சவூதியில வருசத்தப் பிறையிலதானே எண்ணுறாங்க!” என்றவன், பீங்கானைக் கண்டு மனைவியிடம் திரும்பினான். “நான் வாற நாள எழுதவே இல்லையே. உனக்கு எப்பிடித் தெரியும்?”

“எனக்குத் தெரியாது. நீங்க போனதுல இருந்து பிறையத்தானே பாத்துக்கிட்டு இருந்தன்.”