வெட்டச் சொன்ன பத்தி

குற்றாலத்தில் செங்கோட்டை பஸ் ஏறியதிலிருந்து அனுசியாவின் வாய் ஓயவில்லை. சீசன் கூட்டத்தில் ஜன்னலோர சீட் கிடைப்பதே பெரிய பாடு. அந்தச் சந்தோஷம்கூட அவளிடம் இல்லை. போனில் கல்லூரித் தோழி உலகம்மை.

“பேச்சுப்போட்டிக்கு நான் போகலைட்டி. சார்கிட்ட சொல்லிட்டு வந்துட்டேன்.”

“என்னட்டி சொல்லுத? மாநில அளவுப் போட்டி. ராப்பகலா உக்காந்து எழுதுனியே?”

“கணேசமூர்த்தி சார் ஒரு பத்திய வெட்டச் சொல்லுதாரு.”

“எத?”

“‘கிரேக்கர் கண்ணில் அந்நியர்’தான தலைப்பு. அவங்க மொழி தெரியாதவன் பேசுனா ‘பர் பர்’னுதான் கேக்குதுன்னு, அதையே ‘பார்பேரியன்’னு ஊர் உலகத்துக்கெல்லாம் பேரா வச்சிட்டாங்க. அவங்க நாடகத்துல அந்நியன்னா ராஜா கால்ல விழுத அடிமை, பொன்னும் பட்டுமா மினுக்குதவன். அவனக் காட்டிக் காட்டியே ‘நாமதான் சுதந்திர மனுசங்க’ன்னு சொல்லிக்கிட்டாங்க. இதுவரைக்கும் சார் மேசையத் தட்டி ரசிச்சாரு. என்ன திமிருன்னு கொதிச்சாரு.”

“பொறவு?”

“அதே கிரேக்கர, யவனர்னு சொல்லுதோம்லா, அவங்கள நம்ம பழைய பாட்டுலயும் கரடுமுரடாப் பேசுதவன்னுதான் எழுதியிருக்குன்னு அடுத்த பத்தி. சாருக்கு மூஞ்சி சுருங்கிட்டு. ‘அது வேறம்மா. அவங்க சொன்னது வசை, நாம சொன்னது வர்ணனை’ங்காரு.”

உலகம்மை சிரித்துவிட்டாள்.

“சிரிக்காதட்டி, பத்திக்கிட்டு வருது. படிச்ச மனுசன். அடுத்தவன் பேசுததும் ஒரு மொழிதான்னு ஒத்துக்கிட்டா கொறஞ்சா போயிருவாரு? வெட்ட மாட்டேன்னுட்டேன். போட்டி போனாப் போகுது.”

போனாப் போகுது என்று வாய்தான் சொன்னது. அந்த மேடைக்கு அவ்வளவு ஆசைப்பட்டிருந்தாள்.

பின் சீட்டில், பரோட்டாக் கடையில் வேலை பார்க்கும் வடநாட்டு ஆள் ஒருவன், ஊரிலிருக்கும் தன் குழந்தைக்குப் போனில் ஏதோ சொல்லிச் சொல்லிச் சிரிப்புக் காட்டிக்கொண்டிருந்தான்.

“அங்கன என்னட்டி சத்தம்? நீ பேசுததே வெளங்கல” என்றாள் உலகம்மை.

அனுசியா திரும்பி அவனை முறைத்தாள்.

“பின்னால ஒரு ஹிந்திக்காரன். காச்சுமூச்சுன்னு கத்திட்டு வாரான். இதெல்லாம் ஒரு பாஷையா?”

அவன் சட்டென்று குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

“இப்பக் கேக்குதாட்டி?”

“கேக்குது” என்றாள் உலகம்மை. “சார் பேசுத மாதிரியே கேக்குது.”