கெலா மீன் ஏறும் படி

நிறைசூலிகள் மூச்சு வாங்காமல் ஏறிவர வேண்டும் என்பதற்காகவே டாக்டர் சிவநாதன் அந்தப் படிகளைத் தாழ்வாகக் கட்டுவித்திருந்தார். ஏறிக் களைத்தால் ஒதுங்கி நிற்க, இடையிடையே இடமும் விட்டிருந்தார்.

அவர் பிரசவ மருத்துவர் அல்லர், மீன் ஆய்வாளர். மலேசியாவில், ராசா என்னும் ஊருக்கு அருகில் ஆற்றை மறித்து நிற்கும் தடுப்பணையைக் கடந்து, கெலா மீன்கள் மேலே சென்று முட்டையிடுவதற்கான நீர்ப்படிகள் அவை.

படிகளின் உச்சியில், நீருக்கடியில் ஒரு கேமரா இருந்தது. கரையில் கொட்டகை போட்டுத் திரை வைத்திருந்தார்கள். அதன் முன்னே நீர்ப்பாசன இலாகாவின் பொறியாளர் கணேஸ்வரன் காலை முதல் உட்கார்ந்திருந்தார். மீன் ஏறுவதைக் கண்ணால் கண்டால் படிகள் பிழைக்கும். காணாவிட்டால் சிமெண்டு பூசி அடைத்துவிடுவார்கள்.

சிவநாதன் கவலைப்படவில்லை. கவலை என்பது விஷயம் தெரியாதவர்களுக்கு உரியது என்பது அவருடைய கொள்கை.

“நிலா இல்லாத நாள்லதான் கெலா ஏறும், மிஸ்டர் கணேஸ்வரன். போன ரெண்டு நியூ மூனும் கூட்டம் கூட்டமா ஏறிச்சு. உலகத்துல ஒருத்தனும் இதைக் கண்டுபிடிச்சதில்லை. நான்தான் முதல் ஆள்.”

“இன்னைக்கும் நியூ மூன்தானே? மீனுக்குத் தெரியுமா?” என்றார் கணேஸ்வரன்.

உதவி ஆய்வாளர் துளசி தயங்கித் தயங்கி வாயைத் திறந்தாள். “டாக்டர், போன தடவை ஏறின மீனெல்லாம் மத்தியானமே இறங்கிடுச்சு. பிடிச்சுப் பார்த்தோமே, ஒண்ணுலயும் சினை இல்லை. கேமரா கண்ணாடியில வேற கறுப்பு கறுப்பா, பொடிசு பொடிசா என்னமோ ஒட்டியிருந்துச்சு...”

“கண்ணாடி அழுக்குன்னா துணியை எடுத்துத் துடைம்மா. ஆராய்ச்சி பண்ணாதே. அதுக்கு நான் இருக்கேன்.”

துளசி துணியைத் தேடினாள். அவளுடைய பட்டத்தின் மீது சிவநாதனுக்கு என்றுமே மதிப்பு இருந்ததில்லை. ஊராருக்கோ பட்டமும் இல்லை.

“இந்த மாசம் அணைக்கு மேல கரை முழுக்க வேலி போட்டு அடைச்சிட்டேன், பாத்தீங்களா?” என்றார் பெருமையாக. “குளிக்கிறவன், துவைக்கிறவன், சாமி பேரைச் சொல்லிக் குப்பை கொட்டுறவன், ஒருத்தனையும் விடலை. படிச்சவன் சொன்னாக் கேக்குற கூட்டமா இது? வேலிதான் பேசணும்.”

“சனங்க கேக்குறது இருக்கட்டும் டாக்டர். முதல்ல மீனு கேக்குதான்னு பாருங்க லா.”

வெயில் ஏறியது. மீன் ஏறவில்லை. திரையில் வெறும் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. நெடுநேரம் கழித்து ஏதோ பளபளத்தது. சிவநாதன் துள்ளி எழுந்தார். ஒரு நெகிழிப் போத்தல் உருண்டு புரண்டு கீழே இறங்கியது.

“இதுக்குச் சினை இருக்குமா, டாக்டர்?” என்று கேட்டார் கணேஸ்வரன்.

சிவநாதனின் காது மடல் சிவந்தது. மீன்களும் இந்த ஊர்த் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவைதாமே, ஒழுங்கு எங்கிருந்து வரும் என்று மனத்துக்குள் ஏசிக்கொண்டார். பிறகு, தம் வாழ்நாளில் எவரிடமும் காட்டாத பணிவைக் குரலில் வரவழைத்துக்கொண்டார்.

“ஒரே ஒரு மாசம் டைம் குடுங்க. அடுத்த நியூ மூன்லயும் ஏறலைன்னா, சிமெண்டை நானே குழைச்சுத் தர்றேன்.”

கணேஸ்வரன் தாடையைச் சொறிந்தார். “சரி. ஒரு மாசம். அதுக்கு மேல என்னைக் கேக்காதீங்க.”

சிவநாதனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. உயிரோடு கூடவே ஏளனமும் வந்தது. அப்போது கைப்பேசி ஒலித்தது. அழைத்தவர் உள்ளூரிலேயே வாழும் அவருடைய அக்கா மங்கையற்கரசி.

“எங்கக்கா. மூடநம்பிக்கையில டாக்டர் பட்டம் வாங்கினவங்க. கேளுங்க, பொழுது போகும்” என்று சொல்லி, பொறியாளரும் கேட்டு ரசிக்கும்படி ஒலியைப் பெருக்கி வைத்தார்.

“தம்பி, நீ வேலி போட்டாலும் போட்ட, நாங்க அத்தனை குடும்பமும் வேன் பிடிச்சு கோலசிலாங்கூர் கடலுக்கே வந்துட்டோம். அப்பாவுக்கு என் மகன்தான் பிண்டம் கரைச்சான். பெத்த பிள்ளை நீ எட்டிக்கூடப் பார்க்கலை.”

சிவநாதன் கணேஸ்வரனைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். “செத்தவருக்குச் சோறா, அக்கா? நல்லாக் கரைங்க, கடலையாவது நாசமாக்குங்க. என் ஆறும் மீனும் தப்பிச்சுதே, அதுவே பெரிய புண்ணியம்.”

மறுமுனையில் அலை இரைந்தது. அக்காவின் குரலில் கோபம் இல்லை, இரக்கம்தான் இருந்தது.

“தப்பிச்சுதா? அமாவாசைக்கு அமாவாசை நாங்க ஆத்துல அந்த எள்ளுச் சோத்தைக் கரைக்கக் கரைக்க, உன் மீனுங்க படியேறி வந்து முட்டி மோதித் தின்னுட்டுப் போகுமேடா!”

கணேஸ்வரன் மெல்ல எழுந்து நின்றார். அக்கா பெருமூச்சு விட்டார்.

“இன்னைக்கு அதுங்களுக்கு யாருடா சோறு போட்டா?”