மல்லாந்த சிப்

தானே வரைந்த முதல் சர்க்யூட் போர்டு கூரியரில் வந்ததும் கோகிலவாணி அதன்மேல் சிப்பை வைத்துப் பார்த்தாள். கால்கள் இடம் வலமாக மாறி நின்றன. வரையும்போது சிப்பைச் செத்த வண்டுபோல மல்லாத்திப் போட்டுக் கால்களை எண்ணியது அப்போதுதான் உறைத்தது.

அடைகாக்கும் பெட்டியில் முட்டைகள் இருந்தன. சூட்டைத் தானாகச் சீராக வைத்த பழைய கருவி கெட்டதிலிருந்து அவளும் புருஷன் சின்னுசாமியும் மாறிமாறிக் காவலிருந்து, சூட்டுக்கான பல்பைக் கையாலேயே போட்டு அணைத்துக்கொண்டிருந்தார்கள். அந்த வேலைக்குத்தான் இந்தப் புது போர்டு.

“தப்பா அடிச்சுப் போட்டாங்களாட்ட இருக்குது. திருப்பி அனுப்பீரு புள்ள.”

“அவங்க நான் வரைஞ்சபடிதானுங்க அடிச்சிருக்காங்க. தப்பு எம்மேல. சிப்பை அந்தப் பக்கமாச் சொருகினா எல்லாம் நேராயிரும்.”

போர்டின் முதுகில் சிப்பைச் செருகிப் பற்றவைத்தாள். வேலை செய்தால் எரியவேண்டிய பச்சை விளக்கு முன்பக்கத்திலேயே இருந்தது. சிப் மேலே தெரிய, போர்டைப் பெட்டியின் கண்ணாடி மூடிமேல் கவிழ்த்து வைத்து சுவிட்சைப் போட்டாள்.

“ஒண்ணுமே எரியக் காணோமே?” என்றான் சின்னுசாமி, போர்டையே உற்றுப் பார்த்தபடி.

“அங்க என்னத்தைப் பாக்கறீங்க? முட்டையப் பாருங்க.”

அவன் குனிந்தான். வெள்ளை ஓடுகள் அத்தனையும் பச்சையாக இருந்தன.