ஏழு மணிப் பச்சைப் புள்ளி

“என் பேர்ல யாரோ காலையில ஏழு மணிக்கே ஆபீஸுக்குப் போயிடறாங்க சார். நான் எந்திரிக்கறதே ஏழரைக்கு.”

மருமகள் சொன்னதைக் கேட்டுக் கம்ப்யூட்டர் பழுது பார்ப்பவர் பையைக் கீழே வைத்தார். கூடத்து மூலையில் இருந்தது கம்ப்யூட்டர். வீட்டிலிருந்தபடியே லிஃப்ட் கம்பெனி ஒன்றுக்கு அவள் வேலை பார்ப்பது அதில்தான். ஓய்வு பெற்ற மாமியார் சீட்டு ஆடுவதும் அதில்தான்.

அவளுடைய கம்பெனியில் இருபத்தாறு பேர். இருபத்தைந்து பேருடைய வேலையையும் அவள்தான் செய்தாள். மீதி ஒரு வேலை அவளுடையது. அதைச் செய்யத்தான் நேரம் கிடைக்காது. யார் என்ன கேட்டாலும் “சரி சார், முடிச்சிடறேன்” என்று எழுதி எழுதி, அந்தச் சொற்களுக்கான எழுத்துகள் கீபோர்டில் தேய்ந்தே போயிருந்தன.

இரண்டு வாரமாக யாரும் அவளிடம் எதுவும் கேட்கவில்லை. ஆறு மணிக்கு வேலை முடிந்துவிடுகிறது. வேலை கொடுப்பதை நிறுத்துகிறார்கள் என்றால் அடுத்து சீட்டைக் கிழிக்கப் போகிறார்கள் என்றுதானே அர்த்தம். போதாததற்கு, மூன்று மணிக்குத் தனியாகப் பேச வேண்டும் என்று மேனேஜர் வேறு சொல்லியிருந்தார். வீட்டுக் கடனுக்குப் பாதிச் சம்பளம் போகிறது. வேலை போனால் வீடும் போகும்.

பழுது பார்ப்பவர் கம்ப்யூட்டரை அணைத்து மறுபடி போட்டார். யாரும் தொடாமலே அரட்டைப் பெட்டி தானாகத் திறந்தது. மேலே அவள் பெயர், பக்கத்தில் ஆள் வேலையில் இருப்பதைக் காட்டும் பச்சைப் புள்ளி.

“யாரும் திருடலை மேடம். மெஷின் போட்டதுமே அதுவா உங்க ஆபீஸ் கணக்குல உள்ள போகுது. ‘இந்த மெஷின்ல நிரந்தரமா வெச்சுக்கட்டுமா’ன்னு ஒரு நாள் கேட்டிருக்கும். நீங்க சரின்னு டிக் போட்டிருக்கீங்க.”

அவள் யோசித்துப் பார்த்தாள். அப்படி எதுவும் போட்ட நினைவில்லை. அன்றைக்குப் பாஸ்வேர்டு அடித்துக்கொண்டிருந்தபோது, வாசலில் மணி அடிக்கிறது என்று மாமியார் குரல் கொடுத்ததும், இவள் ஓடிப்போய்க் கதவைத் திறந்து பார்த்து யாரும் இல்லாமல் திரும்பி வந்ததும்தான் நினைவில் இருந்தது.

“ஏழு மணிக்கு யார் இதைப் போடறாங்க?”

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சோபாப் பக்கம் திரும்பினார்கள்.

“எனக்கு என்னம்மா தெரியும்?” என்றார் மாமியார். “நான் சீட்டாட உக்காருவேன். ஒரு பெட்டி முளைக்கும். யாரோ ஒருத்தர் ‘இருக்கீங்களா’ன்னு கேப்பார். இருந்துக்கிட்டே இல்லைன்னு சொல்ல முடியுமா? பதில் சொன்னேன்.”

மருமகள் பழைய செய்திகளைத் தேடித் திறந்தாள். படித்த செய்தி மங்கலாகி அடியில் போய்விடும். அவளோ தடித்த எழுத்தில் இருப்பதை மட்டும் பார்ப்பவள். மேனேஜர் விடியற்காலையிலேயே உத்தரவு போடும் ஆசாமி. ஞாயிற்றுக்கிழமை அறிக்கை அனுப்ப முடியுமா என்று கேட்டிருந்தார். ‘முடியாது. ஞாயிறு தலைக்குக் குளிக்கணும். நீங்களும் குளிங்க’ என்று பதில் போயிருந்தது. தன் வேலையைத் தள்ளிவிடப் பார்த்த சக ஊழியருக்கு, ‘உங்க கைக்கு என்ன ஆச்சு?’ தலைமை அலுவலகத்துக்கு, ‘இன்னிக்கு முடியாது. திங்கட்கிழமை கேளுங்க.’

மருமகளுக்குக் கண்ணில் பூச்சி பறந்தது. பழுது பார்ப்பவர் சிரிப்பை அடக்க இருமி, இருமலை அடக்கத் தண்ணீர் கேட்டார். பிறகு டிக்கை எடுத்தார். மெஷினில் ஒட்டிக்கொண்டிருந்த ஆபீஸ் கணக்கைப் பிடுங்கிப் போட்டார். அணைத்துப் போட்டுக் காட்டினார். பெட்டி வரவில்லை. மாமியார் தனக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லாதது போல காதுத் தோட்டைத் திருகிச் சரிசெய்துகொண்டார்.

பழுது பார்ப்பவர் போனதும் மூன்று மணி ஆயிற்று. மருமகள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு போனில் பேசினாள். மன்னிப்புக் கேட்க அவள் வாயெடுக்கும் முன்பே மேனேஜர் ஆரம்பித்துவிட்டார். முடியாது என்று முகத்துக்கு நேரே சொல்ல இந்தக் கம்பெனியில் ஆளே இல்லையாம். தலைமை அலுவலகமே அவளைக் கண்டால் பம்முகிறதாம். திங்கட்கிழமை முதல் அவள்தான் குழுத் தலைவி. தலைமை அலுவலகத்துக்கு இனி அவளே பதில் எழுத வேண்டும், இதே தோரணையில்.

மருமகள் வெளியே வந்தபோது மாமியார் சீட்டில் மூழ்கியிருந்தார். அவள் நாற்காலியை இழுத்துப்போட்டு, நடந்ததை எல்லாம் சொல்லி முடித்து, குரலைக் குழைத்தாள்.

“அத்தை, அந்தப் பெட்டியைத் திரும்ப வரவழைச்சுடறேன். தினம் காலையில ஒரு அரை மணி நேரம் மட்டும் நீங்க...”

“இன்னிக்கு முடியாது,” என்றார் மாமியார், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். “திங்கட்கிழமை கேளு.”

“உங்களுக்குப் புரியாதுன்னு பயப்படாதீங்க. யார் பேர்ல பதில் போகுதுன்னு நான் பக்கத்துலயே இருந்து சொல்றேன்.”

மாமியார் இப்போதுதான் திரும்பினார்.

“மின்சார ஆபீஸ் புகார் கவுன்ட்டர்ல முப்பத்தோரு வருஷம் உக்காந்தவளுக்கா தெரியாது? அந்த டிக்கைப் போட்டதே நான்தான். அன்னிக்கு வாசல்ல மணியே அடிக்கலையேம்மா.”