பாரிஸ் மேடமும் சாம்பிள் பையும்

“தேசப்பண்ணா, ‘ஃபோ’ன்னு பிரெஞ்சுல சொன்னா இன்னா அர்த்தம்னு பாத்தேன். இங்கிலீஷ்ல ஃபால்ஸ், ஃபேக், இமிடேஷன்னு போட்டுக்கீது. நீ இன்னாடான்னா அத வண்டில ஒட்டிக்கினு சுத்துறே!”

பேக்கிங் மெர்சி செல்போனை நீட்டினாள். தேசப்பனின் முகம் சுண்டிப்போயிற்று.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் கைப்பைக் கம்பெனி ஒன்றில் ஒன்பது வருஷமாகக் கான்ட்ராக்ட் டெய்லர் அவன். பைக்குள் வைத்துத் தைக்கிற ‘ஃபோ’ லேபிளை பாரிஸ் முதலாளியின் பெயர் என்றே நினைத்து, ஆரணி மாமியார் வீடு வரைக்கும் அளந்துவிட்டிருந்தான். ஊர் சிரிக்க ஆள் தேவைப்பட்டால் கடவுள் வேறு யாரையும் தேடுவதே இல்லை என்று நொந்துகொண்டான்.

“அப்ப இத்தினி வருசமா டூப்ளிகேட்டா தச்சினு இருந்தேன்?”

“பாக்க லெதர் மாரி, ஆனா லெதர் இல்ல. அவ்ளோதாண்ணா.”

திங்கட்கிழமை பாரிஸ் மேடம் வருகிறார். புது ஆர்டரின் சாம்பிள் பை தேசப்பன் பொறுப்பு. மேடம் தலையாட்டினால் அவனுக்கு வேலை பர்மனென்ட் என்று மேனேஜர் ராஜமாணிக்கம் சொல்லியிருந்தார்.

“மேடம் மூக்குமேல விரல வெக்கப்போறாங்க பாரு!” என்று மெர்சியிடம் சவால் விட்டான்.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் வீட்டிலேயே, யார் கண்ணிலும் காட்டாமல் தைத்தான். அந்தப் பாழாய்ப்போன லேபிளை மட்டும் வைக்கவில்லை.

திங்களன்று மேடம் பையைத் தடவினார், ஜிப்பை இழுத்தார்.

“தையல் பிரமாதமாம்யா!” என்றார் மேனேஜர். தேசப்பனுக்குத் தலைகால் புரியவில்லை.

மேடம் பையை மோந்து பார்த்தார். உடனே மேஜைமேல் தூக்கிப் போட்டுவிட்டு, படபடவென்று ஏதோ பொரிந்து தள்ளினார். மேனேஜருக்கு வியர்த்துக் கொட்டியது.

“ரிஜெக்ட்! உன் பர்மனென்ட்டும் போச்சு!”

“இன்னா சார் இது, தையல் பிரமாதம்னாங்களே?”

“தையல்ல இன்னாய்யா கோளாறு? உசுரக் கொன்னு செய்யற எதையும் அவங்க கையால தொடமாட்டாங்க, அதுக்குன்னேதான் நம்மகிட்ட வராங்க. இந்த ஒரு பைக்கு மட்டும் அசல் ஆட்டுத்தோல எங்கய்யா போயி வாங்கினே?”