வலது: சரி

ஹெட்போனை மாட்டியதும் உலகம் கதவைச் சாத்திக்கொண்டது.

சத்தம் புகாத சின்ன அறை. சுவரெல்லாம் பஞ்சுப் பலகை. எதிரே தடித்த கண்ணாடி. அதற்கு அப்பால், இயந்திரத்தின் முன்னால், கடிகாரம் உட்கார்ந்திருந்தாள்.

கடிகாரம் என்பது வகுப்பு அவளுக்கு வைத்த பெயர். தும்முவதைக்கூட நேரம் பார்த்துத்தான் தும்முவாள் என்பார்கள்.

செவித்திறன் சோதனைப் படிப்பில் இது மூன்றாம் ஆண்டு. இன்று செய்முறைத் தேர்வு. இரண்டிரண்டு பேராக, ஒருவர் காதை மற்றவர் சோதித்து கிராஃப் வரைய வேண்டும். மேடம் அதில் கையெழுத்துப் போட்டால்தான் மருத்துவமனைப் பயிற்சிக்குப் போகலாம். தன் காது சரியில்லாதவர் அடுத்தவர் காதைச் சோதிக்கக் கூடாது. கல்லூரியின் விதி அப்படி.

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவளுக்கு வலது காது கேட்காது.

போன வருட விடுமுறையில் வந்த காய்ச்சல், போகும்போது அதையும் கையோடு கூட்டிக்கொண்டு போய்விட்டது. வீட்டில்கூடச் சொல்லவில்லை. இவள் படிக்கட்டும் என்று தன் படிப்பைப் பாதியில் விட்டவள் அக்கா. போனில் பேசி முடிக்கும்போதெல்லாம், சொன்னதை ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டுவிடாதே என்பாள்.

விடுவதற்கு மறு காது இல்லை என்று அவளிடம் எப்படிச் சொல்வது?

பெஞ்சில் எப்போதும் வலது ஓரம். நடக்கும்போது எல்லோருக்கும் வலப்பக்கம். போன் இடது காதில். ஒரு வருடத்தில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

கடிகாரத்தை ஜோடியாகக் கேட்டு வாங்கியதற்கும் காரணம் இருந்தது.

சத்தத்தை எதிர்பாராத நேரத்தில், ஒழுங்கில்லாமல் அனுப்ப வேண்டும் என்பது இந்தப் படிப்பின் முதல் பாடம். இல்லாவிட்டால் எதிரே இருப்பவர் கேட்காமலேயே தாளத்துக்குப் பட்டனை அழுத்திவிடுவார். கடிகாரத்துக்கு அது ஒன்று மட்டும் வரவே இல்லை. மூன்று விநாடிக்கு ஒரு சத்தம். ஒவ்வொன்றுக்கும் அவள் தோள் நூலளவு உயரும்.

முதலில் இடது காது. எறும்பு விசிலடிப்பது போன்ற சத்தங்கள். கேட்டாள், அழுத்தினாள்.

பிறகு வலது.

ஒன்றுமில்லை.

தோள் உயர்ந்தது. அழுத்தினாள். மனதுக்குள் ஒன்று, இரண்டு, மூன்று. அழுத்தினாள்.

கடிகாரத்தின் கை குமிழை ஆகக் குறைத்துத் திருப்பியபோது, இரண்டு தடவை வேண்டுமென்றே விட்டாள். எல்லாமே கேட்கிற காதை யாரும் நம்பமாட்டார்கள்.

கதவு திறந்தது.

"உனக்குப் பாம்புக் காதுடி."

கிராஃபில் குறி மேலே இருக்க இருக்க, காது அவ்வளவு நல்லது. இடது காதின் நீலக் குறிகளுக்குக் கொஞ்சம் மேலேயே வலது காதின் சிவப்பு வட்டங்கள், கோத்த மணி போல வரிசையாக இருந்தன. அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

இடம் மாறினார்கள்.

கடிகாரத்தின் இடது காது சுத்தம். வலதுக்கு மாற்றி, முதல் சத்தத்தை அனுப்பினாள். பட்டன் விளக்கு எரியவில்லை. கூட்டினாள். எரியவில்லை. பக்கத்தில் நிற்கும் லாரியின் ஹாரன் அளவுக்குக் கூட்டினாள். கடிகாரம் கண்ணாடிக்குப் பின்னால் சாவி தீர்ந்த மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

பிறகு ஹெட்போனைக் கழற்றிக்கொண்டு வெளியே வந்தாள்.

"வலது பக்கம் செத்துக் கிடக்குடி. ஒண்ணுமே வரல."

மேடம் வந்து தன் காதில் வைத்துப் பார்த்தார். வயரின் அடிப்பக்கத்தை விரலால் நிமிண்டினார். ரப்பருக்குள் செம்புக் கம்பி அறுந்திருந்தது. எப்போதிலிருந்து இப்படி என்று கேட்டார்.



கடிகாரம்தான் பதில் சொன்னாள். "இப்பத்தான் மேடம் போயிருக்கும். இவளுக்கு எல்லாமே கேட்டுச்சே."

கிராஃபை நீட்டினாள். கள்ளம் தெரியாத முகம்.

மேடம் சிவப்பு வட்டங்களைப் பார்த்தார். தலையசைத்தார். கையெழுத்துப் போட்டார். வேறு வயர் எடுத்துவரச் சொல்லிவிட்டு அடுத்த ஜோடியைக் கூப்பிடப் போனார்.

அவ்வளவுதான். வாயைத் திறக்காமல் நின்றால் போதும். அவள் நின்றாள்.

இயந்திரத்தின் பக்கத்தில் ஒரு பதிவேடு கிடந்தது. கல்லூரியிலேயே மேடத்தின் மேற்பார்வையில் மாணவர்கள் நோயாளிகளைப் பார்க்கும் அறை இது; தினமும் முதல் நோயாளி வருவதற்கு முன்னால், மாணவர்களில் ஒருவர் ஹெட்போனை மாட்டி இரண்டு பக்கமும் கேட்கிறதா என்று பார்த்து அதில் எழுத வேண்டும். இந்த வாரம் அவள் முறை. திங்கள் முதல் இன்றுவரை ஐந்து வரிகள், அவளுடைய குண்டுக் கையெழுத்தில்.

இடது: சரி. வலது: சரி.

வயர் இன்றைக்குத்தான் செத்ததா, திங்கட்கிழமையே செத்ததா, அவளுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள அந்தக் காது அவளிடம் இல்லை.

செவ்வாய்க்கிழமை இதே நாற்காலியில் ஆறு வயதுப் பையன் ஒருவனை அவள்தான் உட்கார வைத்துச் சோதித்தாள். இடது காது நன்றாக இருந்தது. வலதில் எவ்வளவு கூட்டியும் அவன் அழுத்தவில்லை. என்னைப் போல ஒருவன் என்று நினைத்துக்கொண்டாள். அவன் தலையை வேண்டியதைவிட அதிக நேரம் தடவிக்கொடுத்தாள்.

அவனுடைய கிராஃப் தாள் காது கேட்கும் கருவி பொருத்தும் பிரிவுக்குப் போய்விட்டது. வரும் திங்கட்கிழமை அவன் வலது காதில், ஆக அதிகச் சத்தத்தில் வைத்து, ஒரு கருவி மாட்டுவார்கள். அவ்வளவு சத்தம் நல்ல காதையும் கொன்றுவிடும் என்பது இரண்டாம் ஆண்டுப் பாடம்.

அன்று பையனின் அம்மா எழுந்திருக்கவே இல்லை. தாளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அந்தப் பக்கம் நின்னு மெதுவாக் கூப்பிட்டாக்கூடத் திரும்புறானேம்மா."

"எல்லா அம்மாவும் முதல்ல அப்படித்தான் சொல்வாங்கக்கா," என்று சொல்லி அனுப்பியிருந்தாள்.