எதிர் பால்கனியில் ஐந்து துணி

எதிர் பால்கனிக் கயிற்றில் இளநீலம், இளஞ்சிவப்பு, வெள்ளை, மறுபடி இளஞ்சிவப்பு, இளநீலம் என்று ஐந்து துணிகள் காய்வதைப் பார்த்ததும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

மூன்று வருடமாக ஞாயிறுதோறும் என் பால்கனியில் ஆறு துண்டுகள் காயப்போடுகிறேன். சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், பச்சை, நீலம், ஊதா. தன்பாலீர்ப்பினர், திருநர் என எங்கள் எல்லோருக்குமான வானவில் கொடியின் வரிசை.

முதலில் அதில் எட்டு நிறமாம். அடர் இளஞ்சிவப்புத் துணி போதுமான அளவு கிடைக்காமல் ஒன்று போனது. இரண்டு பக்கமும் சமமாக வரவேண்டுமென்று இன்னொன்று போனது. எனக்கும்தான் ஊதாவில் துண்டு கிடைக்கவில்லை, தலையணை உறையைப் போட்டு ஒப்பேற்றுகிறேன்.

தெருவில் யாராவது ஒருவர், ஒரே ஒருவர், புரிந்துகொண்டு தலையசைக்க மாட்டாரா என்ற நப்பாசைதான்.

பக்கத்து வீட்டு அக்கா மட்டும் கவனித்தார். "துணி காயப்போடுறதுல கூட என்ன ஒழுங்கு தம்பி! உங்களுக்கு வரப்போறவ குடுத்து வெச்சவ."

வரப்போறவளாம்! சிரித்து வைத்தேன்.

இப்போது எதிரே, போன மாதம் குடிவந்தவர்கள் வீட்டில், இந்த ஐந்து. திருநர்களின் கொடி. நீலம் ஆணுக்கு, இளஞ்சிவப்பு பெண்ணுக்கு, வெள்ளை இன்னும் வழியில் இருப்பவர்களுக்கு. எப்படித் திருப்பிப் பிடித்தாலும் நேராகவே இருக்கும்.

அந்த வாரம் முழுக்க வேலையே ஓடவில்லை. எக்ஸ்ரே எடுக்க வந்த பெரியவரை மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்லிவிட்டு, விடச் சொல்ல மறந்துவிட்டேன். பாவம், மனுஷர் முகம் சிவந்துபோய் நின்றார்.

கடை கடையாக அலைந்து அதே நிறங்களில் ஐந்து துணி வாங்கினேன். ஞாயிறு காலை அதே வரிசையில் காயப்போட்டுவிட்டு, கம்பியைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன்.

எதிரே ஒரு பெண் வந்தாள். என் கயிற்றைப் பார்த்தாள். முகமெல்லாம் சிரிப்பு. தோளில் ஒரு கைக்குழந்தை.

"அட, உங்க வீட்லயும் பாப்பாவா?"

குழந்தைத் துணி. அவ்வளவுதான்.

இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஆமாம் என்று தலையாட்டித் தொலைத்தேன்.

பையனா, பொண்ணா என்று கேட்டாள்.

பொண்ணு என்றேன்.

பெயர் கேட்டாள். கதவைத் தாழிட்டுக்கொண்டு, கண்ணாடி முன்னால் மட்டும் நான் என்னைக் கூப்பிட்டுக்கொள்ளும் பெயரைச் சொன்னேன்.

சரியாகத்தான் காதில் விழுந்ததா என்ற சந்தேகத்தில், தெருவே கேட்கும்படி அவள் அந்தப் பெயரைத் திருப்பிச் சொன்னாள்.

"ம்" என்றேன்.